பாலம் மறிக்கப்பட்ட நேரம்: பொம்மை வாகனங்களை மாதிரி ரயில்பாதையின் வீதிப் போக்குவரத்தாக மாற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில், ஓட்டமாவடிக்கும் வாழைச்சேனைக்கும் இடையே நீரைக் கடந்து நிற்கும் பழைய இரும்புப் பாலத்தில், வீதிக்கென்று தனிப் பாலம் கட்டப்படும் வரைக்கும், ரயிலும் வாகனங்களும் ஒரே தளத்தையே பாவித்தன. ரயில் வரும் வேளையில் இரு கரையிலும் வாகனங்கள் மறிக்கப்படும். ரயில் கடந்துபோன பின்னர் பஸ், லொறி, மாட்டு வண்டி, சைக்கிள் எல்லாம் அதே தண்டவாளங்களின் மேலாகப் பாலத்தில் ஏறும். இந்தக் காட்சியை மாதிரியாகக் கட்ட முனைந்த ஒரு குடும்பம், பொம்மை வாகனங்களைத் திருத்தி அதற்குரிய போக்குவரத்தை எவ்வாறு உருவாக்கியது என்பதே இப்பதிவின் பொருள்.

சம்பந்தப்பட்டவர்கள் மூவர். ஒருவர் புகையிரதத் திணைக்களத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். இனி இவரைப் பெரியவர் என்று குறிப்பிடுகிறேன். மற்றவர் உயர்தரம் படிக்கும் அவருடைய மகளின் மகள். மூன்றாமவர் ஓட்டமாவடிப் பக்கத்தில் வாகனங்களுக்கு டிங்கரிங், பெயின்ற் வேலை செய்பவர். மாதிரி ரயில்களில் ஈடுபாடுள்ளவன் என்ற முறையில் நான் அளவெடுப்பிலும் தீர்மானங்களிலும் கூட இருந்து குறிப்பெடுத்தேன்.

எட்டடி நீளமும் இரண்டடி அகலமும் கொண்ட பலகையில் பாலத்தின் ஒரு பகுதியும், ஓட்டமாவடிக் கரையின் அணுகு வீதியும், மறிப்புக் கதவும் அமைக்கப்பட்டிருந்தன. இங்கிலாந்திலுள்ள உறவினர் அனுப்பிய இஞ்சினும் பெட்டிகளும் 1:76 அளவுவிகிதத்திலானவை, அதாவது உண்மையின் 76 இல் ஒரு பங்கு. அவை ஓடும் பாதையின் அகலம் 16.5 மி.மீ. காலம் 1980 ஐ அண்டியதாக இருக்க வேண்டும் என்று பெரியவர் முதலிலேயே சொல்லிவிட்டார். அவர் அந்தப் பாதையில் வேலை செய்த காலம் அது என்பதே காரணம்.

முதற் காட்சியில் தெரிந்த குறை

தைப்பொங்கலுக்கு வந்த உறவினருக்கு மாதிரி முதன்முறையாக ஓட்டிக் காட்டப்பட்டது. அப்போது வீதியிலும் பாலத்திலுமாகப் பதினொரு வாகனங்கள் நின்றன. சில கொழும்பிலிருந்து வாங்கிவந்த ஹொட் வீல்ஸ் கார்கள். சில மாமாங்கேஸ்வரர் கோயில் திருவிழாக் கடைகளில் வாங்கிய, பின்னுக்கு இழுத்து விட்டால் ஓடும் பிளாஸ்டிக் பஸ்களும் லொறிகளும். மீதி உறவினர் வீட்டுப் பெட்டிகளில் கிடந்த பழைய உலோக வார்ப்புக் கார்கள்.

வந்தவர்கள் பாலத்தைப் பார்த்து வியந்தார்கள், ரயிலைப் பார்த்து மகிழ்ந்தார்கள். வீதியைப் பார்த்த முதியவர் ஒருவர், "ரயில் நல்லாத்தான் இருக்கு, வண்டியெல்லாம் திருவிழாக் கடைச் சாமான் போலக் கிடக்கு" என்றார். பெரியவருக்கு அது உறுத்தியது. நல்ல வாகனங்களை வெளிநாட்டிலிருந்து வருவிக்கலாமா என்று அவர் கேட்டார். 1:76 இல் ஒக்ஸ்போர்ட், கோர்கி போன்றோர் செய்த ஆயத்த மாதிரிகள் கிடைக்கும். ஆயினும் அவற்றின் விலையும் அனுப்புச் செலவும் ஒருபுறமிருக்க, டீசல் புகையும் புழுதியும் படிந்த ஒரு கிழக்கு மாகாண லொறியை அவை எப்படியும் தரப்போவதில்லை. கையிலுள்ளதைத் திருத்துவது என்று முடிவாயிற்று.

அளவெடுப்பு

முதல் வேலையாகப் பேத்தி, பாடசாலையில் பழகிய வேணியர் இடுக்கிமானியால் எல்லா வாகனங்களையும் அளந்து, உண்மை வாகனத்தின் நீளத்தை அந்த அளவால் வகுத்து, ஒவ்வொன்றின் விகிதத்தையும் ஒரு கொப்பியில் எழுதினார். குறையின் பெரும்பகுதி அந்தக் கொப்பியிலேயே வெளிப்பட்டுவிட்டது.

பொம்மைக் கம்பனிகள் பெரும்பாலும் விகிதத்துக்காக வண்டி செய்வதில்லை, பெட்டிக்காகச் செய்கின்றன. ஹொட் வீல்ஸ் 1:64 என்று சொல்லப்பட்டாலும், எல்லா வண்டியும் ஒரே அட்டையில் அடங்க வேண்டியிருப்பதால் ஏறத்தாழ 7 செ.மீ. நீளத்திலேயே நிற்கின்றன. 4.2 மீற்றர்க் கார் 7 செ.மீ. ஆனால் அது 1:60; 10 மீற்றர் பஸ் 7.5 செ.மீ. ஆனால் அது 1:130 ஐத் தாண்டிவிடும். இரண்டையும் ஒரே வீதியில் பக்கம் பக்கமாக நிறுத்தினால் காரின் கதவு பஸ்ஸின் கதவைவிடப் பெரிதாகத் தெரியும். பார்ப்பவருக்கு விகிதம் தெரியாது, ஆனால் மனிதன் நுழையக்கூடிய கதவு எது என்பது தெரியும்.

இரண்டாவது குறை சில்லு. 1968 இல் மற்றெல் கம்பனி ஹொட் வீல்ஸைக் கொண்டுவந்ததும், வேகமாக உருளும் அகன்ற சில்லுகளுக்குச் சந்தை திரும்பியது. 1953 இலிருந்து மட்ச்பொக்ஸ் கார்களைச் செய்துவந்த இலெஸ்னி கம்பனியும் 1969 இல் சுப்பர்பாஸ்ட் என்ற பெயரில் அதே வழிக்குப் போனது. அதனால் 1969 இற்கு முந்திய மட்ச்பொக்ஸ் கார்களின் ஒடுங்கிய சில்லு, பின்னாளைய எந்தப் பொம்மையையும்விட உண்மைக்குக் கிட்ட நிற்கிறது. அக்காலத்துக் காரின் 165 மி.மீ. அகல ரயர் 1:76 இல் 2.2 மி.மீ. தான் வரும். கையிலிருந்த புதிய கார்களின் சில்லுகள் 4 முதல் 5 மி.மீ. வரை இருந்தன.

மூன்றாவது குறை ஸ்டியரிங். ஹொட் வீல்ஸ் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு அது இடப்பக்கம் இருந்தது. திருவிழாக் கடைப் பஸ்கள் இந்தியாவிலிருந்து வந்தவை என்பதால் அவற்றில் ஸ்டியரிங் வலப்பக்கமும் வாசல் இடப்பக்கமுமாகச் சரியாக இருந்தன. மலிவான பொம்மை இந்த ஒரு விடயத்தில் விலையுயர்ந்ததை வென்றது.

பாலத்தில் வாகனம் நிற்கலாமா

அளவெடுப்பு முடிந்த பின்னரே, வாகனங்களைத் தொடுவதற்கு முன் தீர்க்க வேண்டிய பெரிய பிரச்சினை ஒன்று தெரியவந்தது.

இலங்கையின் அகலப் பாதை 1676 மி.மீ.; 1:76 இல் அது 22 மி.மீ. ஆக வேண்டும். மாதிரியின் பாதையோ 16.5 மி.மீ. இந்த இடைவெளி 1:76 மாதிரிகளோடு கூடப் பிறந்தது. சாதாரண ரயில் நிலையக் காட்சியில் எவரும் கவனிக்க மாட்டார்கள். பகிர்ந்த பாலத்தில் நிலைமை வேறு. உண்மையில் 2.4 மீற்றர் அகலமான பஸ், தண்டவாளங்களின் இடைவெளியைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு அகலமாக அவற்றின் மேல் நிற்கும். மாதிரியில் 32 மி.மீ. பஸ் 16.5 மி.மீ. பாதைக்கு மேல் நிற்கும்போது அது 1.9 மடங்காகிவிடுகிறது. பஸ் எவ்வளவு நேர்த்தியாகத் திருத்தப்பட்டாலும், அந்தத் தளத்தில் ஏறியவுடன் பூதாகாரமாகத் தெரியும்.

பாதையை 1676 மி.மீ. என்றே கொண்டால் விகிதம் ஏறத்தாழ 1:100 ஆகும் என்பதால், வாகனங்களை 1:100 இல் செய்யலாம் என்று பேத்தி ஒரு யோசனை சொன்னார். கணக்கு சரி. ஆனால் இஞ்சினும் பெட்டிகளும் 1:76. மறிப்புக் கதவருகே நிற்கும் ஆட்களும் 1:76. கண் வாகனத்தைத் தண்டவாள இடைவெளியோடு ஒப்பிடுவதற்கு முன் மனிதனோடும் பெட்டிக் கதவோடும் ஒப்பிடும் என்ற காரணத்தால் அந்த யோசனை கைவிடப்பட்டது.

அப்போது பேத்தி கேட்ட கேள்விதான் எல்லாவற்றையும் திருப்பியது: "அம்மப்பா, ரயில் வரக்குள்ள பாலத்தில வண்டி நிக்குமா?"

"நிக்காது புள்ள. நிண்டா ரயில விட மாட்டம்."

முதற் காட்சியில் ஓடிக்கொண்டிருந்த ரயிலுக்கு அருகே பாலத்தில் மூன்று வாகனங்கள் நின்றன. வெறும் பாலம் வெறிச்சென்று தெரிந்ததால் அழகுக்காக வைத்ததாகப் பெரியவர் சொன்னார். உண்மையில் அந்த வெறிச்சென்ற தோற்றமே அந்தப் பாலத்தின் ரயில் நேரம். எனவே பாலத்தில் ஒரு வாகனமும் இராது, கதவு எப்போதும் மூடியே இருக்கும், எல்லா வாகனமும் அணுகு வீதியில் காத்து நிற்கும் என்று தீர்மானிக்கப்பட்டது. அகல வித்தியாசம் கண்ணில் படாமல் போனதோடு, ஓடாத வாகனங்கள் ஏன் ஓடாமல் நிற்கின்றன என்பதற்கும் ரயிலே காரணமாயிற்று. வீதிக்கு அடியில் கம்பி பதித்துக் காந்தத்தால் வண்டியைத் திருப்பி ஓட்டும் பாலர் (Faller) என்ற மாதிரிக் கம்பனியின் முறை பற்றி முன்னர் பேசியிருந்தோம்; அதற்கான தேவையும் இத்தோடு அற்றது. இந்த முழு வேலையிலும் எடுக்கப்பட்ட மிகச் சிறந்த தீர்மானம் இதுவே என்பது என் கருத்து.

எதை வைப்பது, எதைக் கழிப்பது

1:72 இற்கும் 1:80 இற்கும் இடைப்பட்ட கார்கள் மட்டும் ஏற்கப்பட்டன. கார் எல்லாருக்கும் அளவு பழகிய பொருள் என்பதால் அதில் விட்டுக்கொடுக்கவில்லை. லொறியிலும் ட்ரெய்லரிலும் பல நீளம், பல உயரம் உண்டு என்பதால் பெட்டியின் அளவில் சற்று விட்டுக்கொடுத்து, சாரதிக் கதவின் உயரம் மட்டும் 1:76 இற்கு அமைய வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். ஹொட் வீல்ஸ் கார்களில் ஒன்றுகூடத் தேறவில்லை. அவற்றின் அச்சுகள் மட்டும் எடுக்கப்பட்டன.

காலத்துக்கு ஒவ்வாதவையும் நீங்கின. முன்பு யாரோ ஒரு வானின் பின்னால் மஞ்சள் இலக்கத் தகடு வரைந்திருந்தார்கள். 1980 இல் கறுப்புத் தகட்டில் வெள்ளை எழுத்து என்பதால் அது மாற்றப்பட்டது.

கடைசியில் நிலைத்தவை ஒரு பஸ், வைக்கோல் லொறி ஒன்று, உழவு மெசின் ட்ரெய்லரோடு ஒன்று, ஒரு மொரிஸ் மைனர், ஒரு வான், மாட்டு வண்டி ஒன்று, சில சைக்கிள்கள். வைக்கோல் லொறி பெரியவரின் விருப்பம். வாழைச்சேனைக் காகித ஆலைக்கு வைக்கோல் போய்க்கொண்டிருந்த காலம் அது. அந்த லொறி இல்லாத வரிசையை அவர் ஒப்பவில்லை.

பஸ்

இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சிவப்பு பஸ் இல்லாமல் அந்த வீதி இல்லை. சபை 1958 இல் தொடங்கியதிலிருந்து நெடுங்காலம் அந்தச் சிவப்புத்தான் ஊருக்கு ஊர் பஸ்ஸின் அடையாளம். திருவிழாக் கடைப் பஸ்களில் ஒன்று 140 மி.மீ. நீளம், 1:76 இல் இது 10.6 மீற்றர், பொருந்தும். அகலமோ 44 மி.மீ., உயரம் 50 மி.மீ.; வேண்டியவை 32 உம் 40 உம். நீளம் சரியாக இருந்தும் பொம்மையாகத் தெரிந்ததற்கு இந்தப் பருமனே காரணம்.

முதலில் பிளாஸ்டிக்கின் இனம் பார்க்கப்பட்டது. உட்புறத்தில் ஒரு துளி தின்னர் விட்டுச் சற்றுப் பொறுத்துத் தொட்டால், பொலிஸ்ரைரீன் இளகி ஒட்டும். மெழுகு போல் வழுவழுப்பாக இருக்கும் பொலிபுரொப்பிலீனுக்கு ஒன்றும் ஆகாது. பின்னதில் பசையும் பிடிக்காது, பெயின்ற்றும் நிலைக்காது. கூடு முன்னைய இனம், அடித்தட்டு பின்னைய இனம் என்று தெரிந்ததால் அடித்தட்டு எறியப்பட்டு, பிளாஸ்டிக் தகட்டில் புதிதாக வெட்டப்பட்டது.

பிறகு கூரையின் நடுவே முன்கண்ணாடியிலிருந்து பின்கண்ணாடிவரை இரு கோடுகள் கீறி, மெல்லிய வாள் அலகால் 12 மி.மீ. பட்டை நெடுக எடுக்கப்பட்டது. யன்னலுக்குக் கீழே உள்ள பக்கத் தகட்டிலிருந்து 10 மி.மீ. பட்டை சுற்றிவர எடுக்கப்பட்டது. நான்காகப் பிரிந்த கூட்டை உள்ளே பிளாஸ்டிக் கீலம் வைத்து ஒட்டி, வெட்டு வாயில் டிங்கரிங்காரர் தம்முடைய வாகனப் பட்டியை (putty) பூசி, காய்ந்ததும் எமரி கடதாசியை நீரில் நனைத்துத் தேய்த்தார். உண்மை பஸ்ஸில் செய்யும் அதே கைவேலையை உள்ளங்கை அகலத்தில் அவர் செய்வதைப் பார்ப்பது பெரும் மகிழ்ச்சி. ஒடுக்கிய பின் முன்கண்ணாடியின் நடுத்தூண் மறைந்துவிட்டதால் ஒரு மெல்லிய கீலம் நிறுத்தப்பட்டது. பக்க யன்னல்களுக்குக் கண்ணாடி வைக்கவில்லை. நம்மூர் வெயிலில் அவை திறந்தே இருக்கும்.

உள்ளிருந்த இழுவிசை மோட்டார் நீக்கப்பட்டதும் பஸ் இறகாகிவிட்டது. பலகையைத் தட்டினாலே அது நகர்ந்தது. வீச்சுவலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகள் சில தட்டையாக்கப்பட்டு அடித்தட்டில் ஒட்டப்பட்டன. ஈயம் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும் என்பதைப் பேத்தி வேலை மேசையில் எழுதி ஒட்டினார். சில்லுகள் அச்சில் பசை விட்டு இறுக்கப்பட்டன. ஒவ்வொரு ரயரின் அடியும் அரத்தால் மயிரிழை அளவு தட்டையாக்கப்பட்டது. இது எல்லா வாகனத்துக்கும் செய்யப்பட்டது. முழு வட்டமான ரயர் நிலத்தை ஒரு புள்ளியில் மட்டும் தொடுவதால் வண்டி மிதப்பதாகத் தோன்றும். அடி தட்டையானதும் பாரம் ஏறிவிடும். செலவில்லாத இந்த வேலையே மற்றெல்லாவற்றையும்விட அதிகப் பலன் தந்தது.

வார்ப்புக் கார்களைப் பிரித்ததும் பெயின்ற் கழற்றியதும்

வார்ப்புக் காரின் அடித்தட்டை இரண்டு தறையாணிகள் பிடித்திருக்கும். நடுவில் குத்துளியால் குழி போட்டு, 3 மி.மீ. அலகால் தொடங்கி, தலையின் விரிவு கழரும் வரை மட்டும் துளைத்தால் தட்டு விடுபடும். கூட்டிலிருந்து இறங்கும் தூண் மிஞ்சும். அதில் 1.6 மி.மீ. துளை போட்டு 2 மி.மீ. ஸ்குரூ ஆணி முடுக்கினால் மீண்டும் பூட்டலாம். உலோகத் தூள் கண்ணில் தெறிக்கும் என்பதால் கண்ணாடி அணிந்தே துளைக்கப்பட்டது.

பெயின்ற் கழற்ற டிங்கரிங்காரர் முதலில் கோஸ்டிக் சோடாக் கரைசலில் ஒரு காரைப் போட்டார். இரும்புத் தகட்டுக்கு அது அவருடைய வழக்கம். சற்று நேரத்தில் நுரை பொங்கியது. எடுத்துப் பார்த்தபோது மேற்பரப்பு கறுத்துச் சொரசொரத்திருந்தது. இக்கார்கள் நாகமும் (துத்தநாகம்) சிறிது அலுமினியமும் கலந்த உலோகத்தில் வார்க்கப்பட்டவை. காரம் அவ்விரண்டையும் தாக்கும், நுரைத்து வந்தது ஐதரசன். மற்றவை ஹாட்வெயார் கடையில் கிடைக்கும் களி போன்ற பெயின்ற் ரிமூவரால், விறாந்தையில் காற்றோட்டமாக வைத்து, கையுறை போட்டுக் கழற்றப்பட்டன. கறுத்த கார் பின்னர் தேய்க்கப்பட்டு, சில்லில்லாத சிதைந்த காராக வீதியோரக் கராஜுக்குப் பின்னால் இடம்பிடித்தது.

மொரிஸ் மைனர் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அது இலெஸ்னி காலத்து மட்ச்பொக்ஸ், 5 செ.மீ. அளவு, உண்மைக் காரின் 3.76 மீற்றருக்கு இது 1:75. மெல்லிய சில்லு, அடக்கமான உருவம், எல்லாம் தானாகவே பொருந்தின. பெயின்ற் மட்டும் ஓரங்களில் உதிர்ந்திருந்தது. டிங்கரிங்காரர் அதையும் கழற்றிப் பூசலாம் என்றார், பேத்தி மறுத்தார். சேகரிப்போர் இவ்வகைக் கார்களின் மூலப் பெயின்ற்றுக்கே மதிப்புத் தருகிறார்கள், ஒருமுறை கழற்றினால் திரும்பாது, அதோடு அது அம்மாவின் சின்ன வயதுக் கார். அவர் சொன்னதே நின்றது. ஒட்டாமல், துளைக்காமல், பஸ்ஸின் பின்னால் பாதி மறைவாக அந்தக் கார் நிறுத்தப்பட்டது.

கடையில் கிடைக்காதவை

மாட்டு வண்டிக்குப் பொம்மை எதுவும் உதவவில்லை. மின்கம்பி செல்லும் 20 மி.மீ. பிவிசி குழாயை மெல்லிய வளையங்களாக அறுத்தபோது 1.5 மீற்றர் வண்டிச் சில்லு கிடைத்தது. ஆரக்கால்களுக்குத் தென்னை ஈர்க்கைச் சீவிப் பயன்படுத்தினார் பேத்தி. மாடுகள் களிமண்ணில் பிடித்தவை. சைக்கிள்கள் மெல்லிய செப்புக் கம்பியில் வளைத்தவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 25 மி.மீ. நீளம். அருகில் பார்த்தால் குறை தெரியும், வரிசையில் நின்றால் தெரியாது.

லொறிக்கு வைக்கோலாகத் தென்னந்தும்பு முயலப்பட்டது. அது மிகவும் தடித்தது. சாக்கு இழையைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நீர்த்த பசையில் தோய்த்து, கூட்டின் எல்லைக்கு வெளியேயும் தொங்கும்படி ஏற்றிக் கயிறு கட்டியதும் பெரியவர் திருப்தியடைந்தார்.

நிறமும் புழுதியும்

பிரைமர் அடித்தது கார்த்திகை மாதத்தில். வடகீழ்ப் பருவமழையின் ஈரம் நிறைந்த காற்றில் விசிறிய லாக்கர் பெயின்ற் பால் படிந்தது போல் வெளுத்துப்போனது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள நீர் அதில் படிவதே காரணம். மெதுவாக உலரும் தின்னர் கலந்து ஒன்றைத் திருத்தினார்கள். மீதி, அக்ரிலிக் நிறத்தால் தூரிகை கொண்டு பூசப்பட்டன.

நிறத்தில் பின்பற்றிய விதி ஒன்றே. சிறிய பரப்பில் எந்த நிறமும் உண்மையைவிட அடர்த்தியாகத் தெரியும், ஆகவே ஒவ்வொன்றிலும் சிறிது வெள்ளை கலக்கப்பட்டது. பஸ்ஸின் சிவப்பு கூரையில் இன்னும் வெளுத்தது. மினுக்கம் முழுவதும் மினுக்கமில்லா வார்னிஷால் அடக்கப்பட்டு, முன்கண்ணாடியும் விளக்குகளும் மட்டும் பளபளப்பாக விடப்பட்டன.

புழுதிக்குப் பெரியவர் பாலத்தடியிலிருந்தே மண் அள்ளி வந்திருந்தார். அந்த ஆசை விளங்குகிறது. ஆனால் அரை மி.மீ. மணல் மணி 1:76 இல் 38 மி.மீ. கல் ஆகிவிடும். எழுதும் சோக்கை அரைத்து நிறம் கலந்து பூசினோம். பாலத்தடி மண் ஆற்றங்கரைத் தரைக்குப் பயன்பட்டது. எல்லா வண்டிக்கும் ஒரே புழுதி இல்லை. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வயலிலிருந்து வரும் உழவு மெசினின் பெரிய சில்லில் கருஞ்சேறு காய்ந்திருக்கும். கிழக்கே கடலை அண்டிய எழுவான்கரையோரமாக வரும் வானில் வெளிறிய மணல் தூசியே இருக்கும்.

வரிசையை அமைத்தல்

முன்பு வாகனங்கள் சம இடைவெளியில் நேர்கோட்டில் நின்றன. பெரியவர் தம் நினைவிலிருந்து ஒழுங்கைச் சொன்னார். சைக்கிள்காரர் எல்லாரையும் தாண்டிக் கதவடிக்கு வந்துவிடுவார். பஸ் வலப்பக்கம் சற்று ஒதுங்கி எட்டிப் பார்த்தபடி நிற்கும். லொறிச் சாரதி ரயில் வரும் நேரம் தெரிந்தவர் என்பதால் இறங்கிச் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு நிழலில் நிற்பார். மாட்டு வண்டிக்காரர் மாட்டை அவிழ்க்காமல் ஓரத்தில் விடுவார். இவற்றுக்கேற்ப முன்சில்லுகள் சில திருப்பி ஒட்டப்பட்டன. லொறியின் ஆசனம் காலியாக விடப்பட்டு, மற்ற வண்டிகளில் இடுப்புக்குக் கீழ் வெட்டிய சாரதி உருவங்கள் வலப்பக்கம் அமர்த்தப்பட்டன. வீதியின் பின்பாதி முற்றிலும் வெறுமையாக விடப்பட்டது.

பின்னர் நடந்தது

பாடசாலைக் கண்காட்சி ஒன்றில் மாதிரி வைக்கப்பட்டது. ரயில் ஓடும்போது மட்டுமன்றி, நிற்கும்போதும் ஆட்கள் வீதிப்பக்கம் குனிந்து பார்த்தார்கள். முன்னாள் பஸ் கண்டக்டர் ஒருவர் நெடுநேரம் நின்றுவிட்டு, கண்டக்டர் உள்ளே இருக்க மாட்டார், மிதிபலகையில் ஒரு கால் வைத்து இறங்கி நிற்பார் என்றார். அடுத்த நாளே அந்த உருவம் சேர்க்கப்பட்டது. வாகனங்கள் எங்கே வாங்கியவை என்று பலர் கேட்டார்கள். பொம்மை என்று எவரும் சொல்லவில்லை.

அடுத்த மாரியில் சில சேதங்கள் தெரிந்தன. பஸ் கூரையில் பட்டி பூசிய கோடு மயிர்வெடிப்பாகத் திறந்தது. வாகனப் பட்டிக்கும் பிளாஸ்டிக்குக்கும் சுருக்கம் ஒன்றல்ல. உப்புக் காற்றில் இரும்பு அச்சுகளின் முனை துருப்பிடித்தது. வார்னிஷ் பூசாமல் விட்ட இடங்களில் சோக்குத் தூள் ஈரம் குடித்துத் திட்டுத்திட்டானது. மொரிஸ் மைனருக்கு ஒன்றும் ஆகவில்லை, அது காட்சி முடிந்ததும் அலுமாரிக்குத் திரும்பியிருந்தது.

அடுத்த முறை மாற வேண்டியவை

வாகனத்தைப் பிரிப்பதற்கு முன்பே 1:76 இல் கடதாசி வெட்டுருவங்கள் செய்து வீதியில் நிறுத்திப் பார்க்க வேண்டும். அவ்வாறு செய்திருந்தால், பாலத்துக்கென்று முதலில் திட்டமிட்ட இரண்டாவது பஸ்ஸை வாங்கியே இருக்கத் தேவையில்லை. பிளாஸ்டிக்கின் வெட்டு வாய்க்கு வாகனப் பட்டியை விட, அதே பிளாஸ்டிக்கின் சீவலைத் தின்னரில் கரைத்த கூழே ஏற்றது. கூட்டோடு ஒன்றாகிவிடுவதால் வெடிக்காது. பஸ்ஸின் கூரையை இம்முறையில் திறந்து மீண்டும் அடைத்திருக்கிறார்கள். துருவுக்கு, அச்சு முனைகளைப் பெயின்ற்றால் மூடுவது போதும்.

விசிறிப் பூசும் வேலை முழுவதும் இனி மாசிக்கும் ஆவணிக்கும் இடையே, நண்பகல் தாண்டிய வறண்ட வேளையில் மட்டும் நடக்கும். இப்போது வாழைச்சேனைக் கரையின் வரிசை தொடங்கியிருக்கிறது. அது பலகையின் பின்னோரத்தில் வருவதால் 1:87 வாகனங்களைத் தேடுகிறார்கள். தொலைவு கூடித் தெரிவதற்கு அந்தச் சிறுமை உதவும். முன்பு கழிக்கப்பட்ட பெட்டி அளவு லொறிகளில் இரண்டு அளந்து பார்த்தபோது 1:90 இற்குக் கிட்ட வந்தன. அவற்றை டிங்கரிங்காரர் கொண்டுபோயிருக்கிறார்.